பிக்கப் டிரக்குக்கு 87-ஆ 93-ஆ? பம்ப்ல எந்த பட்டனை அமுக்கறது

போன சம்மர்ல அப்பா ஊர்லேர்ந்து ஹூஸ்டன் வந்திருந்தாரு. கேட்டிங்கற புறநகர் பக்கம் ஒரு கேஸ் ஸ்டேஷன்ல, அதாவது பெட்ரோல் பங்க்ல, வண்டியை நிறுத்தினேன், அவரும் இறங்கி கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு பம்ப்பை ஒரு ரவுண்டு சுத்திப் பாத்தாரு. மூணு மஞ்சள் ஸ்டிக்கர், 87, 89, 93. நான் 87-ஐ அமுக்கினதும் முகம் மாறிடுச்சு. "என்னடா, ஊர்ல என் ஸ்கூட்டருக்கே 91 ஊத்தறான், இவ்ளோ பெரிய வண்டியை வாங்கி வெச்சுக்கிட்டு 87 போடறே? காசு மிச்சம் பிடிக்கிறியா?"

பக்கத்து பம்ப்ல நின்னவருக்கும் தமிழ் தெரியும் போல, சிரிச்சுட்டாரு. ஆனா அப்பா கேட்டது தப்பான கேள்வி இல்ல, இங்க புதுசா டிரக் வாங்கற நம்ம ஆளுங்க பாதிப் பேர் இதே கேள்வியோடதான் நிக்கறாங்க, சிலர் பாவம் பயந்துபோய் 93-ஐயே வருஷக்கணக்கா போட்டுக்கிட்டு இருக்காங்க.

முதல்ல அந்த நம்பர் குழப்பத்தை முடிச்சுடுவோம். ஊர்ல சொல்ற 91-உம் இங்க சொல்ற 87-உம் கிட்டத்தட்ட ஒரே சரக்குதான். ஆக்டேனை அளக்க ரெண்டு டெஸ்ட் இருக்கு. ஒண்ணு ரிசர்ச் ஆக்டேன், அதுல டெஸ்ட் எஞ்சினை 600 ஆர்பிஎம்ல மெதுவா ஓட்டி அளப்பாங்க. இன்னொண்ணு மோட்டார் ஆக்டேன், 900 ஆர்பிஎம், உள்ள போற கலவையையும் நல்லா சூடாக்கி எஞ்சினைக் கொஞ்சம் பாடுபடுத்தி அளப்பாங்க, அதனால அதுல நம்பர் கம்மியா வரும். இந்தியா, இலங்கை, ஐரோப்பால எல்லாம் முதல் நம்பரை மட்டும் போர்டுல போடுவாங்க, அதான் ஊர்ல 91, 95, கொழும்புல 92, 95. அமெரிக்கால ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துப் போடறாங்க, அந்த மஞ்சள் ஸ்டிக்கர்ல பொடி எழுத்துல ஆர் பிளஸ் எம் பை 2-ன்னு இருக்கும் பாருங்க, அதுக்கு இதான் அர்த்தம். இங்க 87-ன்னா ஊர்க் கணக்குல 91, 92 வரும், இங்க 93-ன்னா ஊர்க் கணக்குல 98 பக்கம் போகும். அப்பாவோட ஸ்கூட்டரும் என் டிரக்கும் ஒரே சாப்பாடுதான் சாப்பிடுது.

சரி, ஆக்டேன்னா என்ன? நிறையப் பேர் பவர்னு நினைக்கிறாங்க, இல்லன்னா சுத்தம்னு நினைக்கிறாங்க. ரெண்டும் இல்ல. எஞ்சின் உள்ள பெட்ரோலும் காத்தும் கலந்து பிஸ்டன் அதை மேல நெருக்கும், நெருக்க நெருக்க சூடாகும், சரியான நேரத்துல ஸ்பார்க் பிளக் பொறி விடும், பத்திக்கிட்டு பிஸ்டனைக் கீழ தள்ளும். அந்த நெருக்கத்தையும் சூட்டையும் தாங்கிக்கிட்டு, தானா வெடிக்காம, தன் முறை வர்ற வரைக்கும் பெட்ரோல் எவ்ளோ தூரம் பொறுமையா இருக்குங்கறதோட நம்பர்தான் ஆக்டேன்.

தீபாவளிக்கு பத்தாயிரம் வாலா சரவெடி வெச்சிருப்பீங்க இல்ல? ஒரு முனைல பத்த வெச்சா வரிசையா வெடிச்சுக்கிட்டே மறுமுனைக்குப் போகும், அதுதான் ஒழுங்கா எரியறது. இப்ப பாதி வெடிச்சுக்கிட்டு இருக்கும்போதே அந்தச் சூட்டுல மறுமுனைல மிச்சம் இருக்கறது மொத்தமா ஒரே நேரத்துல டமால்னு வெடிச்சா எப்படி இருக்கும், பக்கத்துல நின்னவன் கதி என்ன? அதான் எஞ்சின் நாக்கிங். ஸ்பார்க் விட்ட இடத்துலேர்ந்து தீ பரவிக்கிட்டு வரும், அது வந்து சேர்றதுக்குள்ள சிலிண்டர் ஓரத்துல மிச்சம் இருக்கற கலவை சூடும் அழுத்தமும் தாங்காம தானே வெடிச்சுடும். அந்த அடியை வாங்கறது பிஸ்டனோட தலை. எப்பவாவது லேசா அடிச்சா ஒண்ணும் ஆகாது, பலமா, ரொம்ப நேரம் அடிச்சா பிஸ்டனே உடையும்.

இந்த ஸ்கேலை 1920கள்ல கண்டுபிடிச்சாங்க, ஐசோ-ஆக்டேன்ங்கற திரவத்துக்கு 100 மார்க், ஹெப்டேனுக்கு 0 மார்க். 87-ன்னா 87 பங்கு அதுவும் 13 பங்கு இதுவும் கலந்தா எவ்ளோ தாங்குமோ அவ்ளோ தாங்கும்னு அர்த்தம், உங்க டேங்க்ல 87 சதவீதம் ஆக்டேன் இருக்குன்னு அர்த்தம் இல்ல. அந்தக் காலத்துல நாக்கிங்கை அடக்க ஈயம் கலந்தாங்க, 1921-ல தாமஸ் மிட்ஜ்லின்னு ஜெனரல் மோட்டார்ஸ் ஆள் கண்டுபிடிச்ச வேலை அது, அந்த விஷம் அமெரிக்க ரோட்டு வண்டிகள்லேர்ந்து முழுசா ஒழியறதுக்கு 1996 ஆயிடுச்சு. பம்ப்ல இன்னும் 'அன்லெடட்'னு எழுதி வெச்சிருக்கறது அந்தக் கதையோட மிச்சம்தான்.

இப்ப டிரக்குக்கு வருவோம். எந்த எஞ்சின் கலவையை அதிகமா நெருக்குதோ, டர்போ வெச்சுக் காத்தை அமுக்கித் திணிக்குதோ, அதுக்குதான் பொறுமையான பெட்ரோல் வேணும். எது உங்களோடதுன்னு கம்பெனிக்காரனே மேனுவல்ல எழுதி வெச்சிருக்கான், யூடியூப் போக வேண்டியதில்ல. இந்த மேனுவல்ல ரெண்டு வார்த்தையை மட்டும் பிரிச்சுப் பாக்கணும். 'ரிக்வயர்ட்'னு இருந்தா அது உத்தரவு, கட்டாயம் போடணும். 'ரெக்கமெண்டட்'னு இருந்தா சிபாரிசு, போட்டா நல்லது, போடலன்னா கொஞ்சம் பவரும் மைலேஜும் குறையும், எஞ்சின் போயிடாது.

ரோட்டுல நாம அதிகமா பாக்கற டிரக்குகளை எடுத்துக்குவோம். டொயோட்டா டன்ட்ரா, 2022-லேர்ந்து வர்ற டர்போ மாடல்கூட, 87 போதும்னு சொல்றான். ஷெவி சில்வராடோல 5.3 லிட்டர் வி8-ன்னா 87. அதே சில்வராடோல 6.2 லிட்டர் எஞ்சின் வாங்கியிருந்தா பிரீமியம், அதாவது 91, 93 மாதிரி மேல் கிரேடு, சிபாரிசு, அதோட கம்ப்ரெஷன் 11.5-க்கு 1, நல்லா நெருக்கற எஞ்சின். ரெண்டும் வெளில பாக்க ஒரே வண்டி, அதனால பக்கத்து வீட்டுக்காரர் 87 போடறாரேன்னு நீங்களும் போடாதீங்க, அவரோடது எந்த எஞ்சின்னு கேளுங்க. ராம் 1500-ல 5.7 ஹெமிக்கு 89 சிபாரிசு, 87 போட்டாலும் ஏத்துக்கும். அந்த நடு பட்டன் எதுக்குதான் இருக்குன்னு யோசிச்சா, ஹெமிக்காரங்களுக்காகத்தான்னு சொல்லலாம்.

என்னோடது ஃபோர்டு எஃப்-150, 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட், ரெண்டு டர்போ. இதுக்கு 87 போதும்னுதான் மேனுவல் சொல்லுது, ஆனா ட்ரெய்லர் இழுக்கற மாதிரி கடுமையான வேலைக்கு பிரீமியம் போட்டா நல்லா இருக்கும்னும் கூடவே சொல்லுது. இந்த ரெண்டாவது பாதியைத்தான் எல்லாரும் படிக்காம விட்டுடறாங்க.

ஏன் இழுக்கும்போது மட்டும் வேறன்னா, காலியா ஆபீஸ் போயிட்டு வரும்போது எஞ்சின் தன் பலத்துல கால்வாசிகூட போடறதில்ல. டர்போ தூங்கும். ஆகஸ்ட் மாசம், வெளில 100 டிகிரி ஃபாரன்ஹீட், பின்னாடி ஒரு கேம்பர் ட்ரெய்லர், டெக்சஸ் ஹில் கன்ட்ரி மேட்டுல ஏறிக்கிட்டு இருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க, உள்ள போற காத்தே சூடு, டர்போ அதை இன்னும் சூடாக்கி அமுக்குது, எஞ்சின் நிமிஷக்கணக்கா முழு பாரத்துல ஓடுது, நாக்கிங் வர்றதுக்கு எல்லாப் பொருத்தமும் கூடி வந்தாச்சு. புது வண்டின்னா எஞ்சின் பிளாக்ல நாக் சென்சார் இருக்கு, அது ஒரு மைக் மாதிரி, அடி சத்தம் கேட்டதும் கம்ப்யூட்டர் ஸ்பார்க் நேரத்தை கொஞ்சம் தள்ளிப் போட்டுடும். எஞ்சின் பிழைச்சுடும், ஆனா பவர் குறையும், சூடு ஏறும், மைலேஜ் அடி வாங்கும். நீங்க வண்டி முக்குதுன்னு நினைச்சு இன்னும் ஆக்ஸிலரேட்டரை அமுக்குவீங்க.

பழைய வண்டில இந்தச் சத்தத்தை நேராவே கேட்கலாம். மாமா ஒருத்தர் பழைய பிக்கப் வெச்சிருந்தாரு, பின்னாடி ஒரு பாலட் புல்தரை மண் ஏத்திக்கிட்டு ஃப்ரீவே ரேம்ப்ல ஏறும்போது டேஷ்போர்டுக்கு அந்தப்பக்கம் பால் பவுடர் டின்னுல பத்து கோலிகுண்டைப் போட்டு ஆட்டற மாதிரி ஒரு சத்தம், கிலுகிலுகிலுன்னு. காலை எடுத்தா நின்னுடும், அமுக்கினா திரும்ப வரும். மாமா ஏதோ ஹீட் ஷீல்டு லூஸ்னு சொல்லி ஆறு மாசம் ஓட்டினாரு. ஒரு டேங்க் 91 போட்டுப் பாத்ததுல சத்தம் நின்னுடுச்சு. அந்தச் சத்தம் உங்க வண்டில வந்தா, அதுவும் மேனுவல் சொன்ன ஆக்டேனே போட்டும் வந்தா, மேல ஒரு கிரேடு போட்டுப் பாருங்க, அப்பவும் வந்தா மெக்கானிக்கிட்ட போங்க, உள்ள கார்பன் படிஞ்சிருக்கலாம், சென்சாரோ கூலிங்கோ போயிருக்கலாம்.

அப்ப எப்பவுமே 93 போட்டுட்டா நிம்மதி இல்லையான்னு கேட்டா, காசுக் கணக்கு பாருங்க. ரெகுலருக்கும் (அதான் 87) பிரீமியத்துக்கும் காலனுக்கு 80 சென்ட் வித்தியாசம்னு வெச்சுக்குவோம், வாரம் ஒரு தடவை 20 காலன் போட்டா 16 டாலர், வருஷத்துக்கு 832 டாலர். நாலு டயர் வாங்கற காசுல பெரும்பகுதி அது. பதிலுக்கு என்ன கிடைக்கும்? 87-க்குன்னே செஞ்ச எஞ்சின்ல ஒண்ணும் கிடைக்காது, அந்தப் பொறுமையை அது பயன்படுத்தவே போறதில்ல. வண்டி ஓட்டறவங்களுக்கான ட்ரிபிள் ஏ சங்கம் 2016-ல இதைச் சோதிச்சுப் பாத்து, ரெகுலர் போதுமான வண்டிகளுக்கு பிரீமியம் போட்டு அமெரிக்கர்கள் வருஷத்துக்கு 210 கோடி டாலர் வீணாக்கறாங்கன்னு கணக்கு சொன்னாங்க. அடுத்த வருஷம் பிரீமியம் 'சிபாரிசு' பண்ற வண்டிகளையும் சோதிச்சாங்க, சராசரியா மைலேஜ் 2.7 சதவீதம், பவர் 1.4 சதவீதம் கூடிச்சு. நாம கொடுக்கற அதிகப்படி காசு 20, 25 சதவீதம் பக்கம், திரும்பி வர்றது 2.7. ஆனா அதே டெஸ்ட்ல 6.2 லிட்டர் வி8 வெச்ச காடிலாக் எஸ்கலேடுக்கு மட்டும் 7.1 சதவீதம் மைலேஜ் கூடிச்சு, அதனால 6.2 சில்வராடோக்காரங்க பிரீமியம் போடறதுல ஒரு நியாயம் இருக்கு, மைலேஜுக்காக இல்லன்னாலும் 420 குதிரைக்குக் காசு கொடுத்துட்டு அதை முழுசா ஓட விடணும் இல்ல.

நான் பண்றது, வாரநாள்ல 87, ட்ரெய்லர் மாட்டற அன்னிக்கு முந்தின நாள் டேங்க்கைக் காலி பக்கம் விட்டு 93 முழுசா. திரும்பி வந்ததும் பழையபடி 87. மாத்தி மாத்திப் போட்டா எஞ்சின் குழம்பிடும்னு ஒரு பயம் உலாவுது, அப்படி எதுவும் இல்ல, கம்ப்யூட்டர் அது பாட்டுக்குக் கத்துக்கும்.

கொலராடோ பக்கம் ரோட் ட்ரிப் போறவங்களுக்கு ஒண்ணு. டென்வர் மாதிரி மலை ஊர்கள்ல 85-ன்னு ஒரு பட்டன் இருக்கும், ரெகுலர்னே பேர் போட்டிருப்பான், விலையும் கம்மி. உயரத்துல காத்து மெலிசு, பழைய எஞ்சின்ல நெருக்கம் தானா குறையும், அதனால 85 தாக்குப் பிடிச்சுது. இப்ப டர்போ வந்து மெலிசான காத்தையும் அமுக்கி நிரப்பிடுது, அந்தச் சலுகை போச்சு. மேனுவல் 87-ன்னா மலையிலயும் 87 தான். கலிபோர்னியாவுல மேல் கிரேடு பெரும்பாலும் 91-ஓட நின்னுடும், 93 தேடி அலையாதீங்க.

அடுத்து எத்தனால். நாம போடற கேஸ்ல பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்துதான் வருது, மைலேஜ் 3 சதவீதம் பக்கம் அடிபடும், வேற பிரச்சினை இல்ல. சில இடத்துல 'அன்லெடட் 88'-ன்னு ஒரு பட்டன் இருக்கும், 87-ஐ விட நம்பர் அதிகம், விலை கம்மி, லாபமா இருக்கேன்னு கை போகும். அது ஈ15, அதாவது 15 சதவீதம் எத்தனால். 2001 மாடல்லேர்ந்து வந்த கார், டிரக்குகளுக்கு அரசாங்கம் அனுமதிச்சிருக்கு, இருந்தாலும் உங்க மேனுவலும் சரின்னு சொல்லுதான்னு பாத்துக்கோங்க. டிரக்காரங்க கவனிக்க வேண்டியது பின்னாடி பெட்ல இருக்கற கேஸ் கேன்தான், புல் வெட்டற மெஷினுக்கும் படகு மோட்டாருக்கும் ஈ15 கூடவே கூடாது. ஈ85-ன்னு ஒண்ணு இருக்கும், அதுல பெரும்பங்கு எத்தனால்தான், அதுக்குன்னே செஞ்ச ஃப்ளெக்ஸ் ஃபியூயல் வண்டிக்கு மட்டும், அந்த வண்டிகள்ல மூடியே பெரும்பாலும் மஞ்சளா இருக்கும். விலையைப் பாத்து மயங்காதீங்க, மைலேஜ் நல்லாவே இறங்கும்.

டீசல் பைப்பு இங்க பொதுவா பச்சைக் கைப்பிடி. ஆனா அது சட்டம் இல்ல, ஸ்டேஷன் கலரே பச்சையா இருக்கற பிராண்டுல பெட்ரோல் பைப்பும் பச்சையா நிக்கும். எழுத்தைப் படிச்சுட்டுத் தூக்குங்க.

இப்ப பிராண்டு. இதுலதான் எனக்குக் கொஞ்சம் வாய் நீளும், ஏன்னா ஆக்டேனுக்கு வீணாக் காசு போடறவங்கதான் இங்க போய் ரெண்டு சென்ட் மிச்சம் பிடிக்கறாங்க, தலைகீழா.

ஷெல் கேஸ் ஷெல்லோட ரிஃபைனரிலேர்ந்துதான் வருதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தா, பெரும்பாலும் அப்படி இல்ல. ஹூஸ்டன் பக்கம் இருக்கற ரிஃபைனரிங்க எல்லாம் ஒரே தரக்கட்டுப்பாட்டுக்குத் தயாரிச்சு பொதுக் குழாய்ல விடறாங்க. கலோனியல் பைப்லைன் இங்க ஹூஸ்டன்ல ஆரம்பிச்சு நியூ ஜெர்சி வரைக்கும் ஓடுது, அதுல ஒருத்தன் சரக்கு ஒருத்தன் சரக்கோட கலந்துதான் போகும், ஊர்ல எல்லார் வீட்டுப் பாலும் சொசைட்டி கேன்ல ஒண்ணாப் போற மாதிரி. கடைசில டெர்மினல்ங்கற சேமிப்புக் கிடங்குல டேங்கர் லாரி வந்து நிக்கும்போதுதான் பிராண்டு பொறக்குது. லாரில நிரப்பும்போது அந்தந்தக் கம்பெனியோட டிடர்ஜென்ட் மருந்தை அளந்து ஊசி போடற மாதிரி சேர்த்து விடுவாங்க. முன்னாடி நிக்கற லாரிக்கு ஒரு மருந்து, பின்னாடி நிக்கற லாரிக்கு வேற மருந்து, அடியில இருக்கற பெட்ரோல் ஒண்ணுதான்.

அந்த மருந்துதான் காத்து உள்ள போற கதவான இன்டேக் வால்வுலயும், பெட்ரோலைப் பீச்சற இன்ஜெக்டர் முனையிலயும் கரி படியாம பாத்துக்குது. அரசாங்கம் எல்லாருக்கும் ஒரு குறைஞ்சபட்ச அளவு வெச்சிருக்கு, 1990கள்லேர்ந்து. அது பத்தலன்னு பிஎம்டபிள்யூ, ஜிஎம், ஹோண்டா, டொயோட்டா நாலு பேரும் சேர்ந்து 2004-ல 'டாப் டியர்'னு தனியா ஒரு தரம் கொண்டுவந்தாங்க. இந்த முத்திரை வாங்கற பிராண்டு தன்கிட்ட இருக்கற எல்லா கிரேடுலயும் அந்த மருந்தைப் போடணும், 87-லயும். அதனால டிடர்ஜென்ட்டுக்காகப் பிரீமியம் போடறேன்னு சொல்றதுல அர்த்தம் இல்ல. ட்ரிபிள் ஏ 2016-ல இதையும் டெஸ்ட் பண்ணாங்க, 4,000 மைல் ஓடின அளவுக்கே டாப் டியர் இல்லாத கேஸ்ல வால்வுல 19 மடங்கு அதிகமாக் கரி படிஞ்சிருந்துது, விலை வித்தியாசம் சராசரியா காலனுக்கு 3 சென்ட். இந்த 3 சென்ட்டைத்தான் நான் கண்ணை மூடிக்கிட்டுக் கொடுப்பேன், அந்த 80 சென்ட்டை இல்ல. ஷெல், எக்ஸான், மொபில், ஷெவ்ரான், டெக்ஸகோ, வலேரோ, குவிக்ட்ரிப், காஸ்ட்கோ எல்லாம் இந்த லிஸ்ட்ல வரும். காஸ்ட்கோன்னா மலிவு சரக்குன்னு முகம் சுளிக்கறவங்களை நான் பாத்திருக்கேன், க்யூல நிக்கப் பொறுமை இல்லன்னு சொன்னா ஒத்துக்கறேன், சரக்கு மட்டம்னு சொல்லாதீங்க.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. நேரா சிலிண்டருக்குள்ளயே பெட்ரோல் பீச்சற எஞ்சின்கள்ல, அந்த 5.3 சில்வராடோ மாதிரி, இன்டேக் வால்வு மேல பெட்ரோல் படவே படாது. எவ்ளோ நல்ல மருந்து போட்டாலும் வால்வைக் கழுவாது, இன்ஜெக்டரை மட்டும்தான் காப்பாத்தும். ஈகோபூஸ்ட்ல 2017-லேர்ந்தும், டன்ட்ரால இப்ப வர்ற எஞ்சின்லயும் சிலிண்டருக்குள்ள ஒண்ணு, வால்வுக்கு முன்னாடி ஒண்ணுன்னு ரெண்டு வகை இன்ஜெக்டரும் இருக்கு, அதனால வால்வும் கழுவப்படும். ஹெமில வால்வுக்கு முன்னாடியே பீச்சற பழைய முறைதான், அதுக்கு டாப் டியர் நல்லாவே உதவும்.

கடைல விக்கற ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலைப் பத்தி ஒரே வரி. '30 பாயிண்ட் கூடும்'னு போட்டிருந்தா 87 போய் 117 ஆகாது, அவங்க பாஷைல 10 பாயிண்ட்தான் ஒரு நம்பர்.

பிராண்டை விட ஸ்டேஷன் முக்கியம்னுகூட சொல்லுவேன். ரெண்டு வருஷம் முன்னாடி ராத்திரி ஊருக்கு வெளில, கூட்டமே இல்லாத ஒரு சின்ன ஸ்டேஷன்ல அவசரத்துக்கு ஆறு காலன் போட்டேன், பேர் வேண்டாம். மூணு மைல் போறதுக்குள்ள எஞ்சின் திக்க ஆரம்பிச்சுது, செக் எஞ்சின் லைட் கண் சிமிட்டுது. மெக்கானிக் டேங்க்லேர்ந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடி ஜாடில ஊத்தி மேஜைல வெச்சாரு. அஞ்சு நிமிஷத்துல அடியில ஒரு விரல் கனத்துக்கு தண்ணி தனியா நின்னுது, மேல பெட்ரோல், நடுவுல கோடு கிழிச்ச மாதிரி. மழைத் தண்ணி அண்டர்கிரவுண்ட் டேங்க்ல இறங்கியிருக்கும்னு சொன்னாரு. டேங்க்கைக் கழுவ ஆன செலவுல ஒரு வருஷம் 93 போட்டிருக்கலாம். அன்னிலேர்ந்து வண்டிங்க வந்து போயிட்டே இருக்கற ஸ்டேஷன்தான், சரக்கு தேங்காது. ரசீதும் அடுத்த டேங்க் போடற வரைக்கும் கதவுப் பாக்கெட்ல கிடக்கும்.

தப்பான கிரேடு போட்டுட்டா என்ன பண்றதுன்னு மெசேஜ் பண்றாங்க. 87 வண்டிக்கு 93 போயிட்டா காசு போச்சு, அவ்ளோதான். பிரீமியம் கட்டாய வண்டிக்கு 87 போயிட்டா மெதுவா ஓட்டுங்க, பாரம் இழுக்காதீங்க, கொஞ்சம் இடம் காலியானதும் மேல 93 ஊத்துங்க, கலந்துக்கும்.

கலந்துக்கும்னதும் ஹெமி வெச்சிருக்கற ஃப்ரெண்டு ஒருத்தர் பண்றது ஞாபகம் வருது. காஸ்ட்கோல பொதுவா 89 இருக்காது, ரெகுலர், பிரீமியம் ரெண்டுதான். இவரு 12 காலன் 87 போட்டுட்டு, கார்டை மறுபடி போட்டு 6 காலன் 93 போடுவாரு. ரெண்டு பங்கு 87, ஒரு பங்கு 93, சராசரி போட்டா சரியா 89. பின்னாடி நிக்கறவன் ஹார்ன் அடிப்பான். ஆனா மத்த ஸ்டேஷன்ல 89 பட்டனை அமுக்கும்போது உள்ள நடக்கறதும் பெரும்பாலும் இதேதான், பூமிக்கு அடியில 89-க்குன்னு தனி டேங்க் கிடையாது, 87-ஐயும் 93-ஐயும் பம்ப்பே கலந்து கொடுக்குது. அப்பாகிட்ட இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பம்ப்பையே பாத்துட்டு, "அப்ப நடுவுல இருக்கறவன் சும்மா கலப்படக்காரனா?" ன்னாரு.